மலை ஏறிய பிறகு ஒரே ஒரு கேள்வி: பாண்ட் பெயரில் வந்த போட்டியும் பெண்ணாகரத்துக் கூடமும்

"இதுக்கா இவ்வளவு மேல ஏறினாங்க?"

பெண்ணாகரத்தில் அத்தை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து '007: ரோட் டு எ மில்லியன்' பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தை பையன் கேட்டது இது. திரையில் ஒரு ஜோடி மூச்சு வாங்க மலை ஏறிப் போய், ஒளித்து வைத்திருந்த கேள்வியைக் கண்டுபிடித்து, ரொம்ப நேரம் யோசித்து ஒரு விடையைச் சொன்னார்கள். அது தப்பு. கிளம்பிவிட்டார்கள். ஏறியதற்கு மதிப்பெண் கிடையாது, வேகமாக ஏறியதற்கும் கிடையாது, ஒரே ஒரு பொது அறிவுக் கேள்வி அத்தனையையும் முடித்துவிட்டது. அத்தை பையன் கோபத்தில் ரிமோட்டைக் கட்டில் மேல் போட்டான்.

இந்த நிகழ்ச்சியைப் பற்றி நான் பேசிய அத்தனை பேரிடமும் இதே கோபம் ஏதோ ஒரு வடிவத்தில் இருந்தது. சிலர் 'போர் அடிக்குது' என்றார்கள், சிலர் 'பாண்ட் எங்கே?' என்றார்கள், சிலர் 'எல்லாம் செட்டப்' என்றார்கள். வார்த்தைகள்தான் வேறு, தொட்டது ஒரே இடத்தை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த இடம் எது என்பதைத்தான் எழுத வந்தேன். அதற்கு முன்னால், பார்க்காதவர்களுக்காக, இது என்ன நிகழ்ச்சி என்று சொல்லிவிடுகிறேன்.

2023 நவம்பர் 10 அன்று அமேசான் பிரைம் வீடியோவில் எட்டுப் பகுதிகளாக வந்தது. பிரிட்டனைச் சேர்ந்த ஒன்பது ஜோடிகள், எல்லாரும் சாதாரண மனிதர்கள், அண்ணன் தம்பி உண்டு, கணவன் மனைவி உண்டு, நண்பர்கள் உண்டு. ஜேம்ஸ் பாண்ட் படங்களில் வந்த இடங்களுக்கு இவர்களை அனுப்புகிறார்கள். அங்கே எங்கேயோ கேள்வி ஒளிந்திருக்கும். மலை ஏறியோ தண்ணீரில் இறங்கியோ பயத்தை விழுங்கிக்கொண்டோ அதை அடைய வேண்டும், சரியான விடை சொன்னால்தான் அடுத்த கட்டம். கடைசி வரை போனால் பத்து லட்சம் பவுண்டு. ஸ்காட்லாந்தின் மலைப்பகுதி, வெனிஸ், ஜமைக்கா என்று ஊர் ஊராகப் போகிறது. இதையெல்லாம் ஒரு அறையில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து நடத்துகிறவர் 'தி கன்ட்ரோலர்'. அந்த வேடத்தில் பிரையன் காக்ஸ். 'சக்ஸஷன்' தொடரில் பிள்ளைகளை ஆட்டிப் படைத்த அந்த அப்பாவாக நடித்தவர், ஸ்காட்லாந்தில் டண்டீ ஊர்க்காரர்.

இடங்களைத் தேர்ந்ததில் குறை சொல்ல முடியாது. ஜமைக்கா 1962-ல் வந்த முதல் பாண்ட் படத்தின் களம். வெனிஸ் 1963, 1979, 2006 ஆகிய ஆண்டுகளின் படங்களில் வருகிறது. 2012-ல் வந்த படத்தின் கடைசிச் சண்டை ஸ்காட்லாந்து மலைகளுக்கு நடுவில்தான். பாண்ட் படங்களை வரிசையாகப் பார்த்தவர்களுக்கு ஒவ்வொரு ஊரும் ஒரு ஞாபகம்.

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் என் நண்பன் அப்படி வரிசையாகப் பார்த்தவன். டேனியல் கிரெய்க் பாண்டாகக் கடைசியாக நடித்த படம் 2021-ல் வந்தது, அதோடு இருபத்தைந்து படம் ஆயிற்று. அதற்கப்புறம் அடுத்த பாண்ட் யார் என்றே தெரியாமல் அவனைப் போன்றவர்கள் ஆண்டுக்கணக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அப்படிக் காத்திருந்தவன் முன்னால் 007 என்ற எழுத்தும் அந்த இசையும் வந்து நின்றால் என்ன எதிர்பார்ப்பான்? முதல் பகுதி முடிந்ததும் போன் பண்ணினான். "மச்சி, பசிச்சவனுக்கு இலை போட்டுட்டு சோறு போடாத மாதிரி இருக்குடா."

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதற்குப் பின்னால் ஒரு வியாபாரக் கதையும் இருக்கிறது. எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் பட நிறுவனத்தை அமேசான் வாங்குவதாக 2021 மே மாதம் அறிவித்தது, 2022 மார்ச்சில் அது முடிந்தது. விலை 845 கோடி டாலர். பாண்ட் படங்களை வெளியிடும் உரிமையில் எம்ஜிஎம்முக்குப் பங்கு உண்டு. ஆனால் அடுத்த பாண்ட் யார், எப்போது படம், என்ன கதை என்று முடிவு செய்யும் அதிகாரம் பார்பரா பிராக்கோலி, மைக்கேல் வில்சன் என்ற தங்கை அண்ணன் முறையிலான இருவர் கையில் இருந்தது. முறை என்று ஏன் சொல்கிறேன் என்றால், முதல் படத்திலிருந்தே தயாரிப்பில் இருந்த ஆல்பர்ட் பிராக்கோலிக்கு பார்பரா மகள், வில்சன் மனைவி வழி மகன். இவ்வளவு பெரிய விலை கொடுத்தும், அவர்கள் தலையசைக்காமல் அமேசானால் அப்போது ஒரு பாண்ட் படம் தொடங்க முடியாத நிலை. இந்தப் போட்டியின் தயாரிப்பில் அந்த இருவரும் சேர்ந்துதான் இருந்தார்கள். படம் இல்லாத இடைவெளியில் வந்தது இந்த நிகழ்ச்சி. 2025 பிப்ரவரியில்தான் படைப்பு அதிகாரம் அமேசான் பக்கம் போனது, அந்த ஜூன் மாதம் அடுத்த படத்தின் இயக்குநராக டெனி வில்னவ் பெயரை அறிவித்தார்கள்.

ஒரு தகவல் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரையன் காக்ஸே தன்னைப் புது பாண்ட் படத்தில் நடிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஒத்துக்கொண்டதாகப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். நடிக்க வந்தவருக்கே அந்த எண்ணம் என்றால் ஓசூரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் ஏமாந்ததில் என்ன தப்பு?

அத்தைக்கு இந்த ஏமாற்றம் எதுவும் கிடையாது. அவருக்கு ஜேம்ஸ் பாண்ட் என்றால் ஜெய்சங்கர். எங்கள் பக்கத்தில் அந்த வயதுக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான். 1965 அக்டோபர் வரை தர்மபுரி சேலம் மாவட்டத்தோடுதான் இருந்தது, துப்பறியும் படங்களை அடுத்தடுத்து எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸ் சேலத்தில் ஏற்காடு போகும் வழியில் இருந்தது, 'தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்' என்ற பெயர் ஜெய்சங்கருக்கு ஒட்டிக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான். தொப்பி, துப்பாக்கி, கடைசிக் காட்சியில் கார் துரத்தல். அசல் பாண்ட் படத்திலேயே நம் ஊர்க்காரர் ஒருவர் உண்டு, உதய்ப்பூரில் எடுத்து 1983-ல் வந்த படத்தில் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் நடித்தார். இதை அத்தையிடம் சொன்னேன். "அப்ப இதுலயும் வருவாரா?" என்று கேட்டார். வரமாட்டார் என்றதும் போட்டியாளர்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பெயரின் பாரம் இல்லாமல் பார்த்ததால்தான் எங்கள் எல்லாரையும் விட அவர் நன்றாகப் பார்த்தார். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது 'போர்' என்ற புகார். மலையும் கடலும் ஆளில்லா விமானப் படப்பிடிப்பும் இவ்வளவு அழகாக இருந்தும் ஏன் சலிப்பு வருகிறது?

நமக்குக் கேள்வி பதில் நிகழ்ச்சி புதிதில்லை. 2000-ம் ஆண்டுவாக்கில் சன் டிவியில் சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரன்', 2012-ல் விஜய் டிவியில் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி', அப்புறம் கலர்ஸ் தமிழில் ராதிகா நடத்திய 'கோடீஸ்வரி'. இவை எல்லாவற்றுக்கும் தாய் 1998-ல் பிரிட்டனில் தொடங்கிய நிகழ்ச்சி. அங்கேயும் பரிசு பத்து லட்சம் பவுண்டுதான். அந்த நிகழ்ச்சிகளில் கேள்வி வந்த நொடியே வீட்டில் ஆட்டம் தொடங்கிவிடும். "பி! பி!" என்று தாத்தா கத்துவார், "இல்ல சி" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரோடு சேர்ந்து வீடும் விளையாடும். ஒரு மணி நேரத்தில் கேள்வி மேல் கேள்வி வந்துகொண்டே இருப்பதால் யாராவது ஒருவர் ஒன்றிலாவது ஜெயித்துவிடுவார்.

பாண்ட் போட்டியில் அந்த வாய்ப்பு குறைவு. ஒரு கேள்வியை அடைவதற்கே நீண்ட பயணம், அதை நாம் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். பாதி மலையில் இந்த ஜோடியை விட்டுவிட்டு வேறு ஜோடிக்குத் தாவுவார்கள், திரும்பி வரும்போது நமக்கு இவர்கள் எதற்காக ஏறினார்கள் என்பதே மறந்துபோயிருக்கும். கேள்வி வந்தால் அது பிரிட்டன்காரர்களை மனதில் வைத்துக் கேட்டதாக இருக்கும். கத்துவதற்கு நமக்கு விடை தெரியாது. விளையாட முடியாத வீடு வேடிக்கை பார்க்கிற வீடாக ஆகிவிடுகிறது, அதைத்தான் போர் என்கிறோம்.

ஆனால் அத்தை பையனின் கோபம் வேறு. அவன் காவலர் தேர்வுக்குத் தயாராகிறவன். எங்கள் மாவட்டத்தில் இதன் அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். விடிகாலையில் எந்த ஊர் மைதானத்துக்குப் போனாலும் பையன்களும் பெண்களும் ஓடிக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் நிலைக் காவலருக்கு ஆண்கள் 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும், பெண்களுக்கு 400 மீட்டர். ஆண்களுக்குக் கயிறு ஏறுவதும் உண்டு, நீளம் தாண்டுவதும் உண்டு. ஆனால் அந்த மைதானத்துக்குக் கூப்பிடுவதற்கு முன்னால் எழுத்துத் தேர்வு இருக்கிறது, தமிழ்த் தகுதித் தேர்வு இருக்கிறது. அதில் தேறியவர்களை மட்டும்தான் உயரம் மார்பளவு பார்த்து ஓட விடுகிறார்கள்.

"நமக்கு முதல்ல எழுத்து, அப்புறம் ஓட்டம். இவங்களுக்கு முதல்ல ஓட்டம், அப்புறம் எழுத்து" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஓடி முடிச்சவனை உக்கார வச்சு ஒரே ஒரு கேள்வி கேட்டு வீட்டுக்கு அனுப்பினா எப்படி இருக்கும் மச்சான்?" என்றான்.

இந்த நிகழ்ச்சியைப் பற்றி நான் கேட்டதிலேயே சரியான விளக்கம் இதுதான். படிப்பை முதலில் சோதித்துவிட்டு உடம்பைச் சோதித்தால் தோற்றவனுக்குக்கூட 'நான் இவ்வளவு தூரம் வந்தேன்' என்று ஒரு கணக்கு இருக்கும். வேர்வையை முதலில் வாங்கிக்கொண்டு, வேர்வைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கேள்வியை அதன் தலையில் உட்கார வைத்தால், தோற்றவன் ஏறிய மலை கணக்கிலேயே வராமல் போகிறது. பார்க்கிறவன் மனது அதை ஒத்துக்கொள்வதில்லை. சர்வைவர் மாதிரி நிகழ்ச்சியில் இந்த வருத்தம் வருவதில்லை. ஜீ தமிழில் 2021-ல் அர்ஜுன் நடத்தினாரே, சான்சிபார் தீவில் எடுத்தது, அதில் கயிறு இழுத்தால் இழுத்ததற்குப் பலன், தாண்டினால் தாண்டியதற்குப் பலன். அப்புறம் ஓட்டுப் போட்டு வெளியேற்றினால்கூடச் சூழ்ச்சிக்குச் சூழ்ச்சி என்று மனது ஆறிவிடும். இங்கே யாரும் யாரையும் வீழ்த்தவில்லை. ஒரு ஜோடி தோற்றால் இன்னொரு ஜோடிக்கு லாபம் என்பது கிடையாது. கோபப்பட ஒரு ஆள்கூட இல்லாததால் கோபம் முழுக்க நிகழ்ச்சி மேல் போகிறது.

தயாரித்தவர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அவர்கள் ஏன் மலையையும் கேள்வியையும் முடிச்சுப் போட்டார்கள்? பாண்ட் என்ற பாத்திரமே அப்படிப்பட்டது. ஓடுவான், தாவுவான், அதோடு எந்த மது எந்த வருடத்தது என்றும் தெரியும், சீட்டுக்கட்டும் தெரியும். உடம்பும் தகவலும் ஒரே ஆளுக்குள் இருப்பதுதான் அந்தக் கற்பனை. சாதாரண மனிதரை அதே சோதனைக்குள் விட்டுப் பார்ப்போம் என்பது யோசனையாக நல்ல யோசனைதான். ஆனால் படத்தில் பாண்டுக்குத் தெரியாத ஒன்றைக் கதை அவனிடம் கேட்காது, எழுதுகிறவர் அவன் பக்கம் இருக்கிறார். இந்த ஒன்பது ஜோடிக்கு அப்படி யாரும் இல்லை.

அதனால்தான் அவர்களை ஜோடியாக அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஒருவருக்குத் தெரியாதது இன்னொருவருக்குத் தெரியலாம், ஒருவர் பயந்தால் இன்னொருவர் தேற்றலாம். இங்கேதான் அத்தை வருகிறார்.

அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. நாங்கள் ஆங்கிலத்தில்தான் பார்த்தோம், நான் இடையிடையே சொல்லிக்கொண்டே வந்தேன், அவர் முறத்தில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டே பார்த்தார். கேள்வி வந்ததும் கையை நிறுத்திவிடுவார். இருவரில் ஒருவர் ஒரு விடையைச் சொல்வார், மற்றவர் தலையாட்டுவார், ஆனால் கண் வேறெங்கோ இருக்கும். "அதுக்கு வேற பதில் தெரியும் கண்ணு, சொல்ல மாட்டேங்குது பாரு" என்பார் அத்தை. எனக்கு அந்த ஆங்கிலம் புரிந்தும் நான் கவனிக்காததை அவர் கவனித்தார். விடை தெரிந்தும் சொல்லாமல் விடுவது ஏன் என்று அவரிடமே கேட்டேன். "சொல்லி தப்பாயிட்டா வாழ்நாள் பூரா சொல்லிக் காட்டுவாங்கல்ல" என்றார். மாமா அப்போது வாசலில் இருந்தார், அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை.

பணம், மலை, கேமரா எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் இந்த நிகழ்ச்சியில் உயிராக இருப்பது அந்தச் சில நொடிகள்தான். 'நீ சொல்லு', 'இல்ல, நீயே சொல்லு' என்று இரண்டு பேர் பொறுப்பைக் கை மாற்றிக்கொள்கிற நேரம். நிலம் வாங்கும்போது, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது, ஆழ்துளைக் கிணறு எந்த இடத்தில் போடுவது என்று முடிவெடுக்கும்போது நம் வீடுகளில் நடப்பது அதேதான். எங்கள் பக்கம் ஆயிரம் அடி தோண்டியும் தண்ணீர் வராத தோட்டங்கள் உண்டு, 'அந்த மூலையில போடலாம்னு சொன்னது யாரு' என்ற பேச்சு பத்து வருடம் ஆனாலும் அந்த வீட்டை விட்டுப் போவதில்லை. பிடித்தது என்று சொன்னவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்கள் ஞாபகம் வைத்திருப்பது ஊரையும் மலையையும் அல்ல, ஏதோ ஒரு ஜோடியை.

கன்ட்ரோலர் பற்றி இரண்டு வார்த்தை. பிரையன் காக்ஸ் குரல் போட்டியாளர்களுக்குக் கேட்கிறது, அவர் முகம் நமக்கு மட்டும் தெரிகிறது. நம்மைப் பொறுத்தவரை முகம் காட்டாத குரல் பழகியதுதான், 2017 முதல் பிக் பாஸ் வீட்டில் அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் அங்கே வார இறுதியில் ஒருவர் வந்து நின்று பேசுவார், திட்டுவார், வெளியே வந்தவரைக் கட்டி அணைத்து அனுப்புவார். கோடீஸ்வரியில் 2020 ஜனவரியில் பேசவும் கேட்கவும் இயலாத மதுரைப் பெண் ஒருவர் ஒரு கோடி ஜெயித்தபோது எங்கள் தெருவே கண்ணைத் துடைத்துக்கொண்டது. எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடத்தியதால் அந்த ஈரம் வந்தது. காக்ஸ் தன் அறையை விட்டு வருவதில்லை. தோற்றவர்கள் தனியாகத் திரும்பி நடக்கிறார்கள். அவர் அருமையான நடிகர், தனியாகப் பார்த்தால் அவர் வருகிற காட்சிகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் தோற்றவனை அனுப்பி வைக்க ஒருவர் வேண்டும் என்பது நம் எதிர்பார்ப்பு, அது கிடைக்காதபோது மனது வெறுமையாகிறது.

'எல்லாம் செட்டப்' என்ற புகாருக்கு வருகிறேன். அத்தை வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர். ஒரு நாள் தண்ணீர் வருகிற காட்சி ஓடும்போது வந்து நின்றார். போட்டியாளர்கள் பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

"இதைப் படம் புடிக்கிறவன் எந்தப் படகுல நிக்கிறான்?" என்றார்.

அப்புறம் உட்கார்ந்து விளக்கினார். சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போகும்போது நடு ஆற்றில் பரிசலை ஒரு சுற்று சுற்றுவார்கள். ஏறியவர்கள் அலறுவார்கள், குழந்தைகள் அழும், துடுப்பு பிடித்தவர் முகத்தில் ஒன்றும் இருக்காது. தண்ணீர் எந்த இடத்தில் இழுக்கும், எந்த இடத்தில் சுற்றினால் ஆபத்தில்லை என்று அவருக்குத் தெரியும். "அவங்க பயம் பொய்யில்ல. ஆனா ஆபத்து நான் பாத்து வச்சிருக்கற அளவுக்குத்தான்" என்றார். நிஜமான ஆபத்து வேறு மாதிரி வரும். கர்நாடகத்தில் அணை திறந்து, பிலிகுண்டுலுவில் அளக்கிற கனஅடிக் கணக்கு ஏறினால் பரிசல் ஓட்டவே மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும். அன்று அலறுவதற்கு ஆற்றில் ஆளே இருக்க மாட்டார்கள்.

இந்த வகை நிகழ்ச்சிகளைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாராவது சொல்லியிருப்பார்களா என்று தெரியவில்லை. 'நிஜமா பொய்யா' என்று நாம் சண்டை போடுகிறோம். பயம் நிஜம், ஆபத்து அளந்து வைத்தது, இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். ஒருவர் மலை விளிம்பில் நடுங்கிக்கொண்டு நிற்பதை எதிர்ப்பக்கத்திலிருந்து படம் பிடித்திருக்கிறார்கள் என்றால் அங்கே இன்னொரு ஆள் போய் நின்றிருக்கிறார். அதனால் நடுங்குகிறவரின் நடுக்கம் நடிப்பாகிவிடாது. 'செட்டப்' என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்கள் அந்த நடுக்கத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள். அது அநியாயம் என்பது என் கருத்து.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரில் எந்தப் பேச்சும் முடியாது. பத்து லட்சம் பவுண்டு என்றால் அன்றைய மதிப்பில் பத்து கோடி ரூபாய்க்கு மேல். நம் நிகழ்ச்சிகளின் ஒரு கோடியோடு சேர்த்து வைத்துப் பார்க்கும்போது இன்னொரு வித்தியாசமும் உண்டு. இங்கே போட்டியில் ஜெயித்த பணத்துக்கு 30 விழுக்காடு வரி, அதன் மேல் கூடுதல் வரி, செஸ். ஒரு கோடி என்று தொலைக்காட்சியில் காகிதம் பறக்கும்போது வீட்டுக்கு வருவது அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. பிரிட்டனில் இப்படிப் போட்டியில் ஜெயிக்கிற பரிசுக்குப் பொதுவாக வருமான வரி கிடையாது. இதைச் சொன்னதும் மாமா வாசலிலிருந்து உள்ளே வந்து உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய தொகை ஒரே ஒரு கேள்வியில் கை நழுவுகிறது என்ற எண்ணமும் சேர்ந்துதான் 'இதுக்கா ஏறினாங்க' என்ற கோபத்துக்குக் காரம் ஏற்றுகிறது.

அதே 2023 நவம்பரில், 22-ம் தேதி, நெட்ஃபிளிக்ஸில் 'ஸ்குவிட் கேம்: தி சேலஞ்ச்' வந்தது. 456 பேர், 45.6 லட்சம் டாலர். அது கொரியத் தொடரிலிருந்து பிறந்த போட்டி. அதற்கு வந்த பெரிய எதிர்ப்பு, கடனில் மூழ்கியவர்களை விளையாட வைத்துக் கொல்கிற கொடுமையைக் கண்டித்த கதையை அதே விளையாட்டாக்கிவிட்டார்களே என்பது. பாண்டுக்கு அந்த எதிர்ப்பு வரவில்லை, ஏனென்றால் பாண்ட் கதை யாரையும் கண்டிக்க எழுதியதில்லை. கிருஷ்ணகிரியில் கல்லூரி படிக்கும் அத்தை மகள் இரண்டையும் பார்த்தவள். அவளிடம் எது பிடித்தது என்று கேட்டேன். ஸ்குவிட் கேம் போட்டியில் அடுத்தது என்ன என்று தெரிய வேண்டியிருந்ததால் ராத்திரி முழுக்கப் பார்த்தாளாம், பாண்ட் போட்டியை நாளுக்கு ஒன்றாகப் பார்த்தாளாம். "அதுல ஒருத்தர் பேரும் ஞாபகம் இல்ல, இதுல எல்லாரும் ஞாபகம் இருக்காங்க" என்றாள். 456 பேரையும் ஒன்பது ஜோடியையும் வைத்து இப்படி ஒரு கணக்கு அவள் சொன்னபிறகுதான் எனக்குத் தோன்றியது.

2025-ல் இரண்டாவது பருவமும் வந்துவிட்டது. ஓசூர் நண்பன் பார்க்க மாட்டேன் என்றுவிட்டான், படம் வரட்டும் என்கிறான். அத்தை மகள் பார்க்கச் சொல்லி லிங்க் அனுப்பினாள்.

அத்தை பையன் பார்த்தான். முதல் தடவை ரிமோட்டைத் தூக்கிப் போட்டவன் இந்தத் தடவை பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருந்தான், பொது அறிவுக்காக அவன் வைத்திருக்கிற நீல அட்டை நோட்டு. ஜோடி கேள்வியை அடைந்ததும் ரிமோட்டை எடுத்து நிறுத்துவான், கேள்வியை எழுதுவான், தன் விடையைப் பக்கத்தில் எழுதுவான், அப்புறம் ஓட விடுவான். தப்பான இடத்தில் சரியான விடையைச் சிவப்பு மையில் எழுதி வைத்தான். அன்று ராத்திரி இரண்டு பகுதி முடிந்தபோது பதினொன்றரை ஆகியிருந்தது. அத்தை விளக்கை அணைக்கச் சொன்னார். காலையில் ஐந்து மணிக்கு அவன் ஓடப் போக வேண்டும், 1500 மீட்டருக்கு இன்னும் ஏழு நிமிடம் இருபது விநாடி எடுக்கிறான்.